கையிலிருந்த மைக்

கயிறு படாரென்று அறுந்து பேனர் தலையில் விழுந்த அதே நொடியில், கிளமெண்டேயின் சட்டைப் பையில் ஃபோன் அலறியது. ஏணியில் நின்றபடியே எடுத்தார். மூன்று நாளாக இவர் அழைப்பை எடுக்காத மகள், இலோய்லோ நகரில் தோழியின் அறையிலிருந்து தானே கூப்பிடுகிறாள்.

“ஹலோ... ஜோவெலின்? ஆமா, ஆமா, அப்பாதான்... சத்தமா? ஒண்ணுமில்ல, உன் பேனர்... இல்லம்மா, கட்டல. அவுக்குறேன்... ஆமா, இன்னிக்குத்தான்.”

பேனரில் மகளின் முகம் மடிந்து கிடந்தது. பக்கத்தில், ‘எங்கள் தெருவின் முதல் நர்ஸ்’ என்று ஆளுயர எழுத்து. தேர்வு முடிவு வரும் முன்பே அச்சடித்தது.

“சாப்பிட்டியா?... சரி, சரி, அதுக்குக் கூப்பிடல, தெரியுது... இங்க பாரு, தெருவே மறந்துடுச்சு! ரிசல்ட் விருந்துக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் சுட்ட பன்னியைத்தான் பாத்தாங்க, உன்னை யாரு... ஹலோ? சிரிக்கல. சிரிக்கலம்மா... போய்யா டோமெங், வேலையப் பாரு!... ஐயோ, உன்னை இல்ல. எதிர்வீட்டு டோமெங். ‘இன்னிக்குக் கச்சேரி இல்லையாண்ணே’ன்னு கேட்டுட்டுப் போறான்.”

மெதுவாக இறங்கினார்.

“ஆமா... ஆமா, எல்லாருக்கும் கேட்டுது. அது எப்படின்னா, விருந்துல நான் பாடிக்கிட்டிருந்தேன். நீ வந்து கையைப் புடிச்சுக் கொல்லைப்பக்கம் இழுத்துட்டுப் போன. ஃபெயில்னு சொன்ன. எனக்குக் கோபம், திட்டிட்டேன். வயரில்லாத மைக்கு, கையிலேயே இருந்துச்சு. ஆன்ல இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?... உன்மேல பழி போடலியே... ‘இழுத்துட்டுப் போன’ன்னா சொன்னேன்?... ம். சொன்னேன்.”

தரையில் விரிந்து கிடந்த பேனரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது மகளின் கன்னத்தில் என்று தெரிந்ததும் நகர்ந்துகொண்டார்.

“ஆறு மாசத்துல அடுத்த பரீட்சை வருது, கொஞ்சம் மனசு வச்சுப் படிச்சேன்னா... சரி. பேசல. நீ சொல்லு... ரெண்டாவது நாளா?... கை நடுங்கிச்சா... பென்சிலையே புடிக்க முடியலையா... ம்... ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய வந்துட்டியா? அத ஏன் அன்னிக்கே—”

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இல்ல. ஒண்ணும் கேக்கல. சொல்லு.”

அதன்பிறகு வெகுநேரம் அவரிடமிருந்து ‘ம்’ மட்டும்தான் வந்தது.

“பஸ்லேருந்தே பாத்தியா?... ஆமா, நீ பரீட்சை முடிஞ்சு வர்ற அன்னிக்குக் காலையிலதான் கட்டுனேன். நீ பாத்துச் சந்தோஷப்படணும்னு... உன் மூஞ்சியே உன்னைப் பாத்துச் சிரிச்சுதா... அதுக்கப்புறம் எப்படிம்மா வாயத் தொறப்ப. ஒரு வாரம் அதுக்குக் கீழயே போய் வந்திருக்க. தனியா... அழு. அழும்மா. நான் இருக்கேன்.”

புறங்கையால் தன் மூக்கையும் துடைத்துக்கொண்டார்.

“ஞாபகம் இருக்கு. ‘இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊர்ல நடப்பேன்’னேன்... அதுக்கப்புறம் சொன்னதும் ஞாபகம் இருக்கு. ‘உன்னைப் படிக்க வச்சதே தண்டம்’னேன்... இல்ல, வீட்டுக்கு வான்னு கூப்பிடல. உனக்குத் தோணுறப்ப வா... என்ன? கேளும்மா, எதுவா இருந்தாலும் கேளு...”

அவள் கேட்டாள். கிளமெண்டே வாசலைப் பார்த்தார். வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் பெட்டி, தெருவைப் பார்த்தபடி இன்னும் அங்கேயே நின்றது.

“பெட்டி... ஆமா, வாசல்லதான் இருந்துச்சு... என் குரலா? கொல்லை வரைக்கும்... பெட்டியிலேருந்து எனக்கும் கேட்டிருக்கணும்தான்... இல்ல, அன்னிக்கு ஒரே கூச்சல்... ஜோ, இரு, வச்சுடாத. வச்சுடாத, சொல்றேன்.”

ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“கேட்டுச்சும்மா. முதல் வார்த்தையிலேயே கேட்டுச்சு. தப்பு என்மேல இல்லைன்னு ஊருக்குத் தெரியட்டும்னு... நான்தான் மைக்க அணைக்கல.”