ஏலக்காய்த் தோல்

மருமகள்: மாமா! கையில என்ன அது... தீப்பெட்டியா?

மாமனார்: பின்னே, மூக்குப்பொடி டப்பாவா? உன் வீட்டுக்காரன் நான் அடுப்பைப் பத்த வைக்கக் கூடாதுன்னு கேஸ் லைட்டரைப் பையில போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிட்டான். தீப்பெட்டின்னு ஒண்ணு உலகத்துல இருக்கிறதே அவனுக்கு மறந்துபோச்சு.

மருமகள்: ஐயோ, அவர் வர்ற நேரம். போன வாரம் பாத்திரம் கருகி, ஜன்னல் திரை வரைக்கும் பத்திக்கிட்டதுல இருந்து உங்க மேல அவருக்கு...

மாமனார்: தெரியும். முதியோர் இல்லத்துல இடம் பார்த்துட்டான். இன்னைக்கு ஃபாரம் கொண்டு வர்றான், நான் கையெழுத்துப் போடணுமாம். போடமாட்டேன். என் கை என்கிட்டதானே இருக்கு?

மருமகள்: ஃபிளாஸ்க்ல டீ வெச்சிருக்கேனே மாமா...

மாமனார்: அது டீயா? காலையில இருந்து ஊறிக் கிடக்கிற கஷாயம்! அந்த இஞ்சியை எடு. நசுக்கு... நசுக்கும்மா, கொஞ்சுற மாதிரி தட்டினா எப்படி? தண்ணியில நல்லா கொதிச்சப்புறம்தான் பால். அவசரப்பட்டு முன்னாடியே ஊத்தினா திரிஞ்சுடும்.

மருமகள்: கிராம்பு?

மாமனார்: ரெண்டு. மிளகு நாலு. பட்டை நகத்தளவு.

மருமகள்: ஏலக்காய்...

மாமனார்: அதைக் கிட்டயே கொண்டு வராதே! நாப்பது வருஷமா டீ போடுறேன், ஒரு நாள் போட்டதில்ல. மத்த வாசனையை எல்லாம் அமுக்கிடும்.

மருமகள்: எனக்கு அது இல்லாம இறங்காது மாமா.

மாமனார்: தெரியுமே. அந்தக் கருகின பாத்திரத்தைத் தேய்ச்சது நான்தானே... அடியில ஏலக்காய்த் தோல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

மருமகள்: அப்போ... உங்களுக்குத் தெரியுமா?

மாமனார்: அதை விடு. புது வேலை எப்படிப் போகுது?

மருமகள்: மாமா... நீங்க ஏன் அவர்கிட்ட...

மாமனார்: நான் வேலையைப் பத்திக் கேட்டேன்.

மருமகள்: நல்லா... நல்லாத்தான் போகுது.

மாமனார்: விட்டுடாதே. 'வீட்டைப் பாத்துக்க முடியாதவளுக்கு வேலை எதுக்கு'ன்னு கேக்க அவன் சாக்கு தேடிக்கிட்டு இருக்கான். ச்சே, இந்தக் குச்சி நமத்துப் போச்சு. அடுத்ததும் பத்தல...

மருமகள்: இப்படிக் குடுங்க. நான் பத்த வைக்கிறேன்.

மாமனார்: நீயா? தெருமுனையில அவன் வண்டிச் சத்தம் கேக்குது.

மருமகள்: கேக்கட்டும். மூணு டம்ளர் தண்ணி ஊத்துங்க.

மாமனார்: மூணா?

மருமகள்: அவருக்கும் சேர்த்துதான். குடிச்சிட்டுக் கத்தட்டும்.

மகன்: என்ன வாசனை இது? அப்பா! அடுப்புப் பக்கம் போகாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இந்தாங்க ஃபாரம். இப்பவே போடுங்க கையெழுத்தை!

மருமகள்: அவர் போடமாட்டார். அடுப்பைப் பத்த வெச்சது நான். போன வாரம் டீயை வெச்சிட்டு, பஸ் போயிடும்னு அணைக்காம ஓடினதும் நான்தான். வேலையையும் விடமாட்டேன், மாமாவையும் விடமாட்டேன். நின்னது போதும், டம்ளரை எடுங்க.