ஊற்றடிக் கம்பிவேலி

மேடையில் இருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மழையில் நனைந்து, பால் கறந்த கையோடு ஓடி வந்திருக்கும் மேய்ப்பர் பெருமக்களே! கூட்டுறவுச் சங்கச் செயலாளனாக உங்கள் முன் கனத்த நெஞ்சோடு நிற்கிறேன்.

நம் பால் ஆய்வாளர் டாக்டர் மதலென் இரசுஸ்தா அம்மையார் இன்று இல்லை! பாலை முகர்ந்தே நம் லாட்சா இனச் செம்மறியாடுகள் காட்டுப்பூண்டு மேய்ந்துவிட்டன என்று கண்டுபிடிப்பாரே, அவர் இல்லை! மலைப்புல் தின்ற ஆட்டின் பாலில் நல்ல கொழுப்பு அதிகம், மணம் அதிகம் என்று அளந்து காட்டியவர் யார்? டாக்டர் மதலென்! கொட்டகையில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்க்கும் ஆட்டின் பாலும் நம் பாலும் ஒன்றுதான் என்று அடம்பிடித்த வியாபாரிகள் முன் இரண்டு துண்டு பாலாடைக்கட்டியை வைத்து, "கண்ண மூடிக்கிட்டுத் தின்னு பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றவர் யார்? டாக்டர் மதலென்!

அதுவரை அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். அதன் பிறகு?

சென்ற ஆண்டு, 'பூமிக்குத் தீங்கு செய்யாத மலைப் பாலாடைக்கட்டி' என்று அட்டையில் அச்சடிக்க ஆசைப்பட்டோம். அவர் கையெழுத்திட மறுத்தார். இதே மண்டபத்தில் நம் மேய்ப்பர் எர்ரமுன் எழுந்தார்.

"ஏம்மா, நீ எங்க சம்பளம் வாங்குறியா, கொட்டகைக்காரன் சம்பளம் வாங்குறியா?"

"உங்க சம்பளந்தான் அண்ணே. அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா? மலை ஆடு கறக்குறது கம்மி. அது விடுற ஏப்பத்துல இருக்குற மீத்தேன் வாயுவ லிட்டர் பாலுக்கு இவ்வளவுன்னு கணக்குப் பாத்தா, நம்ம பாலுதான் காத்த அதிகமா சூடாக்குது."

"அப்ப ஏப்பம் விடாதேன்னு ஆட்டுக்குச் சொல்லிக்குடு!"

சபை சிரித்தது. அவரும் சிரித்தார்.

"சொல்லிப் பாத்தேன். உங்கள மாதிரியேதான், கேக்க மாட்டேங்குது. கொட்டகைக்காரனும் யோக்கியமில்ல, அவன் தீவனத்துக்கு எங்கேயோ காட்ட அழிக்கிறாங்க. ஆனா நம்ம ஊற்றடியப் போய்ப் பாருங்க. புல்லு இல்ல, சேறும் புழுக்கையும்தான். அந்தத் தண்ணியத்தான ஊரே குடிக்குது? அந்த இடத்துக்கு மட்டும் ரெண்டு வருஷம் ஓய்வு குடுங்க. மத்த இடத்துல மந்தைய மாத்தி மாத்தி விடுங்க. அப்புறம் என்ன எழுதலாம்னு நானே வந்து சொல்றேன்."

அரைமனதோடு சம்மதித்தோம். அந்தக் கோடையில் அவரே ஊற்றைச் சுற்றிக் கம்பிவேலி கட்டினார். ஒருநாள் விடிந்தபோது கம்பி வெட்டப்பட்டிருந்தது. மறுபடி கட்டினார். மறுபடி வெட்டப்பட்டது. வெட்டியது ஒரு கை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது ஊர்.

போலீசுக்குப் போவோமா என்று கேட்டேன். "வேணாம். புல்லு முளைச்சா வெட்டுறவரே நிறுத்திருவாரு" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறையாகக் கட்டப் போனவர், வேலியடியிலேயே சாய்ந்துவிட்டார். பலவீனமான இதயம் என்கிறார் மருத்துவர். இருக்கட்டும்! அந்த இதயத்தோடு அவரைத் திரும்பத் திரும்ப மலையேற வைத்தது யார்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை நண்பர்களே, உங்களையும் தூங்கவிடக் கூடாது!

அடுத்த மாதம் மந்தைகள் மேலேறும். ஊற்று இன்னும் கெட்டால் மலையையே மேய்ச்சலுக்கு மூடிவிடுவோம் என்று ஊர்த் தலைவர் சொல்லிவிட்டார். அப்புறம் நமக்கும் கொட்டகைதான். நம் பாலுக்கும் மணம் இருக்காது.

இரங்கல் தீர்மானம் என் கையில் இருக்கிறது. 'அன்னாரின் பணியைத் தொடர்வோம்' என்று அழகாக எழுதியிருக்கிறது. வாசிக்க வாய் வரவில்லை. நேற்று ஊற்றடிக்குப் போனேன். வேலி அறுந்து கிடக்கிறது. உள்ளே புல் முளைத்திருக்கிறது, மதலென் அவர்களே, விரல் உயரத்துக்கு முளைத்திருக்கிறது!

நாளை காலை கம்பிச்சுருளோடு நான் அங்கே இருப்பேன். யார் வருகிறீர்கள்?

எர்ரமுன் அவர்களே, எழுந்துவிட்டீர்களா? வேண்டாம், இங்கே ஒன்றும் சொல்ல வேண்டாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். நாளை வரும்போது அந்தக் கம்பிக் குறட்டை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள். வெட்டிய கம்பியை முறுக்கிக் கட்டவும் அதுவே போதும்.