பாய்லருக்கு ஒரு முழ மரம்

வார்னிஷ் காய எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா? டப்பாமேல போட்டிருக்கறதை நம்பாதீங்க ஐயா. தொட்டா ஒட்டலைங்கறது வேற, காஞ்சுடுச்சுங்கறது வேற. மழைக்காலத்துல ஒரு நாள் முழுக்க அது பச்சைப் புண் மாதிரிதான் கிடக்கும். மேல எது விழுந்தாலும் பிடிச்சுக்கும், அப்புறம் விடவே விடாது.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நீங்க கேக்கறது என் மச்சான் படியில விழுந்து செத்ததைப் பத்தி. எனக்கு அந்தக் கதை வார்னிஷ்லதான் ஆரம்பிக்குது. உங்க மேஜைமேல ரெண்டா உடைஞ்சு கிடக்கே அந்த அட்டைக் குழாய், அதுக்கும் வர்றேன்.

நான் மரத்துல ரயில் இஞ்சின் செய்யறவன். தொழில் அது இல்ல. தொழில் ஒரு கிடங்குல வண்டிக்குச் சரக்கு ஏத்தறது. ஊரை விட்டு வந்தவன், இங்க பேச ஆள் கிடையாது. அதனால வீட்டு மாடிப்படிக்கு அடியில ஒரு பெஞ்ச் போட்டுக்கிட்டேன். ரம்பம், உளி, மரத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், ஒரு லைட். பழைய காலத்து நீராவி இஞ்சின். சக்கரத்துக்கு ஆரக்கால் ஒவ்வொண்ணா சீவி, ஒவ்வொண்ணா சொருகணும். உருட்டினா, சக்கரங்களைச் சேர்க்கற தண்டு முன்னயும் பின்னயும் போகும், நிஜம் மாதிரியே. ஆணி ஒண்ணு கூட அடிக்கல.

படி மரப்படி. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல சந்து. அந்தச் சந்து வழியா வெளிச்சம் வரும். மத்ததும் வரும்.

மச்சான்னா என் வீட்டுக்காரியோட அண்ணன். முட்டி வலிக்கு வைத்தியம் பாக்கணும், ரெண்டு வாரம்னு பையைத் தூக்கிட்டு வந்தார். அந்த ரெண்டு வாரம் மூணு வருஷம் ஓடுச்சு. நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் சொல்வேன். ஆனா ரஸ்க்கை டீயில முக்கி, அது உடைஞ்சு உள்ள விழுந்தா விரலை விட்டுத் துழாவி எடுப்பார். அந்த விரலை நக்குவார். நக்கின கையாலயே கைப்பிடியைப் பிடிச்சு மாடி ஏறுவார். பாரமான உடம்பு, இடது முட்டி மடங்காது. மொத்த பாரத்தையும் கைப்பிடிமேல சாய்ச்சாத்தான் ஏறவும் முடியும், இறங்கவும் முடியும்.

அந்தக் கைப்பிடியில கறுப்பா பிசுக்கு ஏறிக் கிடந்துச்சு. ஒரு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். தூள் வரல ஐயா. மெழுகு மாதிரி, ஈரமா, உருண்டை உருண்டையா வந்துச்சு. ஒரு மனுஷனோட உள்ளங்கை அது. அன்னைக்கு நான் சாப்பிடல.

நடுப்படிதான் அவருக்கு இஷ்டமான இடம். என் தலைக்கு நேர் மேல. அங்க உக்காந்துதான் கால் நகம் வெட்டுவார், குதிகால் வெடிப்பைப் பிய்ப்பார். பிய்ச்சுக்கிட்டே பேச்சு.

"என்ன மாப்ள, உங்க வண்டி எப்பதான் கிளம்பும்?"

"கிளம்பும் மச்சான்."

"இதையேதான் போன வருஷமும் சொன்னீங்க. நான் டிக்கெட் எடுத்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். ஜன்னல் சீட்டு. எவனாவது துண்டு போட்டுடப் போறான்."

சொல்லிட்டு அவரே சிரிப்பார். சிரிச்சா இருமல் வரும், இருமினா கோழை வரும். அதைத் துப்ப மாட்டார், முழுங்குவார். அது இறங்கற சத்தம் கீழ எனக்குக் கேக்கும்.

பெரிய சக்கரங்களுக்கு வார்னிஷ் அடிச்சு வச்சுட்டு ஒரு நாள் வேலைக்குப் போனேன். வந்து பாத்தா, சக்கரத்துமேல வெள்ளையா செதில். மெல்லிசா, ஓரம் சுருண்டு, அங்கங்க ஒட்டிக்கிட்டு. தோல். சுரண்டிட்டு மறுபடியும் அடிச்சேன். மறுநாளும் அதே கதை. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தா.

"இதுவா தோலு? படிக்கு அடியில பழைய பெயிண்ட் உரியுதுங்க. அண்ணாந்து பாருங்க."

"தோல் எது, பெயிண்ட் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அண்ணன்மேல கடுப்பு, உங்களுக்கு எல்லாம் தோலாத்தான் தெரியும். லீவு அன்னைக்கு அந்தப் பெயிண்ட்டைச் சுரண்டி விடுங்க. அப்படியே கைப்பிடி ஆடுதான்னும் பாருங்க. அதை நம்பித்தான் அவர் இறங்கறார்."

பாசம் அவ கண்ணை மறைச்சிருச்சு. நான் அண்ணாந்து பாக்கல. கைப்பிடியை மட்டும் பாத்தேன். ஆடல. நல்லா காஞ்ச பழைய மரம், இழை நேரா ஓடுச்சு. உருளையா, இஞ்சினோட பாய்லருக்கு அளவெடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் அந்த மணி. எந்தக் கடையில தேடினாரோ, சுண்டுவிரல் நுனி அளவுல ஒரு பித்தளை மணி வாங்கிட்டு வந்தார். "மணி இல்லாம என்ன இஞ்சின் மாப்ள?"ன்னார். பளபளப்பு வரணும்னு எச்சில் துப்பி, சட்டை நுனியில தேய்ச்சு, என் உள்ளங்கையில வச்சார். ஈரமா, வெதுவெதுன்னு இருந்துச்சு. ரொம்ப சந்தோஷம் மச்சான்னு சொன்னேன். அவர் மேல போனதும் இடுக்கியால எடுத்துக் குப்பையில போட்டுட்டு சோப்பு போட்டுக் கை கழுவினேன். கழுவிக்கிட்டே யோசிச்சேன், இது இப்படியே போனா நான் பைத்தியம் ஆயிடுவேன்னு.

துணிக்கடையில துணி சுத்தி வர்ற அட்டைக் குழாய் ஒண்ணு கேட்டு வாங்கினேன். காகிதம் மாதிரி சீவின மரம் கிடைக்கும், வினீர்னு சொல்வாங்க, அதை மேல ஒட்டினேன். நிறம் சேர்த்தேன். கைப்பிடியில இருந்த பழைய கீறலைக் கூட அதே இடத்துல போட்டேன். கடைசியா பிசுக்கும் வேணுமே. மெழுகுல கரியைக் குழைச்சுத் தடவினேன். இந்த வேலை பூராவுலயும் எனக்குக் குமட்டினது அந்த ஒரு இடத்துலதான். அப்புறம் நல்லா காய விட்டேன். வார்னிஷ் விஷயத்துல நான் அவசரப்பட மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்தா. மச்சான் மாடியில படுத்திருந்தார். படி உச்சியில, ரெண்டு தூணுக்கு நடுவுல கைப்பிடியை ஒரு முழம் அறுத்தேன். ரம்பச் சத்தம் எங்க வீட்டுக்குப் புதுசு இல்ல.

"என்ன மாப்ள அறுக்கறீங்க?" உள்ள இருந்து கேட்டார்.

"பாய்லருக்கு மரம் மச்சான்."

"அறுங்க அறுங்க. நல்ல கட்டையா பாத்து அறுங்க."

அந்த இடத்துல குழாயைப் பொருத்தினேன். உங்க போலீஸ்காரர் மிச்சம் இருந்த முனையைத் தடவித் தடவிப் பாத்து, இணைப்பு எங்கன்னு தெரியாம நின்னார். உண்மையைச் சொன்னா, எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. நீங்க இன்னொண்ணு கேப்பீங்க, என் வீட்டுக்காரி பிடிச்சிருந்தா என்னாகும்னு. அவ பிடிக்க மாட்டா. பிசுக்கு ஒட்டும், தொடாதேன்னு நான் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது பழகிப்போச்சு.

கீழ வந்து இஞ்சினைத் தரையில வச்சேன். கூப்பிட்டேன்.

"மச்சான், வாங்க. வண்டி கிளம்பிடுச்சு."

அவர் வந்து தங்கினதுல இருந்து நானா அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கட்டில் கிறீச்சுன்னுச்சு. செருப்பைக் கூடத் தேடல போல, வெறுங்கால் சத்தம் கேட்டுச்சு.

"வந்துட்டேன் மாப்ள. வண்டியைப் பிடிச்சு வைங்க, நான் ஏறணும்."

நான் சக்கரத்தைப் பிடிச்சு வச்சிருந்தேன். அட்டை உடையற சத்தம் அப்படி ஒண்ணும் பெருசா கேக்காது.

கடைசிப் படிகிட்ட கிடந்தார். கண்ணு திறந்திருந்துச்சு. என் பக்கம் கையை நீட்டினார். உள்ளங்கை ஈரமா மின்னுச்சு. நான் கொஞ்சம் பின்னால நகர்ந்து நின்னேன். கை தானா கீழ இறங்கினதும்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன்.

பாய்லருக்கு மரம் வேணும், அதுக்காக அறுத்தேன், தற்காலிகமா ஒரு குழாயை வச்சேன்னு முதல்ல உங்ககிட்ட சொன்னேன் இல்ல, அதை எழுதியிருந்தா அடிச்சுடுங்க. பெஞ்சுக்கு அடியில ஒரு டப்பா இருக்கும். திறந்து பாருங்க. முன்னயே செஞ்ச பாய்லர் அது. அதுல ஒரு குறையும் இல்ல. மச்சானை நான்தான் கொன்னேன். சுத்தமா ஒரு வேலை செய்யணும், அவ்வளவுதான் நான் கேட்டது.

அன்னைக்கு சாயங்காலம் என் வீட்டுக்காரி அழுதுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போனா. நான் வீட்டைப் பாத்துக்கறேன்னு இருந்துட்டேன். அறுத்த மரத்தை எடுத்து, பிசுக்கு போய் வெள்ளை மரம் தெரியற வரைக்கும் உப்புத்தாள் போட்டேன். துடைச்சேன். வார்னிஷ் அடிச்சு பெஞ்சுமேல வச்சேன். இனிமே மேல இருந்து எதுவும் விழாதுன்னு நிம்மதியா தூங்கினேன்.

மறுநாள் காலையில வீட்டுல என்னைத் தவிர யாரும் இல்ல. படியில யாரும் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அந்த மரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். வெள்ளையா, ஓரம் சுருண்டு, அங்கங்க செதில் ஒட்டியிருந்துச்சு. மச்சானோட தோல். சுரண்டிட்டு மறுபடியும் வார்னிஷ் அடிச்சேன்.