இடப்பக்கம் நின்ற குரல்

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. குறைந்தது ஒரு முழமாவது இடம் விட வேண்டும். இல்லையென்றால் தாழ்ந்த ஓசையெல்லாம் சுவரில் முட்டிக் கலங்கிப்போகும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, கேட்கிறவரின் நாற்காலிக்கும் அதே தூரம். இதை நான் படித்த இடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. என் அப்பா டோர்லைவ் சொல்லித் தந்தது. அதுவும் போன வருடத்துக்கு முந்தின வருடம்தான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.

உங்கள் மேற்பார்வை அலுவலகம் இரண்டு பக்கத்துக்குள் விளக்கம் கேட்டிருக்கிறது. கொஞ்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ விவரம் எல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. நான் எழுதப்போவது ஒரு பாட்டுப்பெட்டியைப் பற்றி.

அப்பா கார் ஏற்றிப்போகும் படகுகளில், எஞ்சின் அறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். எனக்கு ஒன்பது வயதில் என் அம்மா ஆஸ்லாக் இறந்துபோனார். அந்த மாதமே அப்பா தன் இசைத்தட்டுக் கருவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் நண்பர் ஏகிலின் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வானொலிச் செய்தியைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அவர் கடலில் இருக்கும்போது நான் சித்தி வீட்டில். அவர் கரைக்கு வந்தால் இருவரும் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு அறைக்குப் போவோம். அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் பேச அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கு மேல் படித்தவள் நான் ஒருத்தி. கேட்கும் திறனைச் சோதிக்கும் படிப்பு, ட்ரான்ட்ஹெய்ம் நகரத்தில் மூன்று வருடம். பட்டத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அப்பா அதைத் தொடவில்லை. கையில் கிரீஸாம்.

“மூணு வருஷம் படிச்சிட்டு, கிழவிங்க காதுல பீப் பீப்னு சத்தம் விடப்போறியா?” என்றார். “எங்க எஞ்சின் ரூமுக்கு வந்திருந்தா ஓசியிலயே கத்துக் குடுத்திருப்பேனே.”

அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. நான் சிரிக்கவில்லை. அடுத்த ஆறு வருடம் கிறிஸ்துமஸுக்கும் அவர் பிறந்த நாளுக்கும் மட்டும் போனேன். நான் வேலை பார்க்கும் காது மையத்திலிருந்து அவர் வீடு நடந்துபோகும் தூரம்.

ஓய்வு பெற்ற குளிர்காலத்தில் அவர் மறுபடி தொடங்கினார். ஏகில் அந்தக் கருவிகளை ஒரு திருகாணிகூடக் குறையாமல் வைத்திருந்தார். திரும்பி வந்ததும் அப்பா போட்ட முதல் தட்டு எங்கள் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவுடையது. நான் பிறப்பதற்கு முன்பு பதிவு செய்தது. முந்நூறு பிரதிதான் போட்டார்கள். அட்டைப் படத்தில் அம்மா முதல் வரிசையில் இடது ஓரத்தில் நிற்கிறார். இரண்டாம் பக்கத்தில், மூன்றாவது பாட்டில், நான்கு வரி தனியாகப் பாடுகிறார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்தக் குரல் இடது ஸ்பீக்கருக்கும் சற்று வெளியே, சன்னல் பக்கமாக, ஆள் உயரத்தில் நிற்க வேண்டும். பத்தொன்பது வருடம் கழித்து அப்பா அந்தப் பெட்டியைத் தொட்டது அந்த நான்கு வரிக்காகத்தான்.

குரல் அங்கே நிற்கவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. அப்பா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். யாரும் சாகாமல் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“டாக்டரம்மா, வேலையா இருக்கியா? கஞ்சி வச்சிருக்கேன். வந்து கொஞ்ச நேரம் உன் காதைக் குடுத்துட்டுப் போ.”

சனிக்கிழமை மதியம் எங்கள் ஊரில் எல்லோர் வீட்டிலும் அரிசிப் பால்கஞ்சிதான். நடுவில் ஒரு கட்டி வெண்ணெய், மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும். அவர் அடிப்பிடிக்க விட்டிருந்தார். சாப்பிட்டதும் என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, ஊசியை இறக்கிவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டார்.

“உங்கம்மா எங்க நிக்கிறா?”

“இடப்பக்கம்.”

“நல்லாக் கேளு ரக்னா. எனக்கு என்னவோ யாரோ அவளைப் பிடிச்சு நடுவுல தள்ளிவிட்ட மாதிரி இருக்கு. அதுவும் போர்வைக்குள்ள இருந்து பாடுறா.”

எனக்கு அம்மா இடது ஓரத்தில்தான் நின்றார். வரிக்கு வரி அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். கையில் தட்டின் உறையைப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்காக நின்றார். என் பதிலுக்காக அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

“ஆமாம்ப்பா,” என்றேன். “இடது கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு.”

அது பொய். சின்னப் பொய். நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

திங்கட்கிழமை அவரை மையத்துக்கு வரச் சொல்லிக் காதையும் பார்த்துவிட்டேன். நான் பொறுப்பில்லாதவள் இல்லை. சோதனை முடிந்ததும், “வயசுக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“சொன்னேன்ல,” என்றார். “அப்ப ஊசிதான்.”

இந்தப் பாட்டுப்பெட்டிப் பைத்தியம் பிடித்தவர்களை உங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள், தங்கள் காதைத் தவிர. அதை வைத்துத்தானே மற்றதையெல்லாம் அளக்கிறார்கள். அப்பா ஊசியை மாற்றினார். பிறகு டென்மார்க்கிலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயர் வரவழைத்தார். இடப்பக்க, வலப்பக்க ஒலியைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் திருகு அதில் கிடையாது. நல்ல கருவிக்கு அது அவமானமாம். பிறகு கேபிள்களை இடம் வலமாக மாற்றிப் பார்த்தார். குறை இடப்பக்கத்திலேயே நின்றது. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். அப்போதும் அப்படியே. பெட்டியில் கோளாறு இல்லையென்றால் மிச்சம் இருப்பது அறை. அதற்கும் அவர்களிடம் விடை உண்டு. இடப்பக்கத்துச் சன்னல் கண்ணாடிதான் அம்மாவின் குரலைக் கெடுக்கிறது என்று கனமான திரை மாட்டினார். பிறகு தரையில் விரிப்பு. பிறகு மூலையில் புத்தக அலமாரி. புத்தகம் இல்லாத வீடு அது. என் பாடப் புத்தகங்களைக் கேட்டு வாங்கி அடுக்கினார்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நாற்காலியில் நான்.

ஏகில் சோபாவில் சாய்ந்து கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பார். “ஏன்டா டோர்லைவ், ஆஸ்லாக் உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது அவளை இவ்வளவு கெஞ்சிருப்பியா நீ?”

“அவ எங்கடா நகருவா. எப்பவும் நான்தான் நகரணும்.”

“எனக்கு இப்ப நல்லாத்தான் கேக்குது. வேலைய முடி, காப்பி போடு.”

“நீ வாயை மூடு. ரக்னா சொல்லட்டும். படிச்சவ அவ.”

அவர் அதை அலட்சியமாகச் சொன்னார், என்னைப் பார்க்காமல், ஒரு கம்பியின் முனையைச் சீவிக்கொண்டே. நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சற்று நேரம் கழித்து வந்து, “திரை போட்டதுல கொஞ்சம் பரவால்ல. இன்னும் முழுசா வரல,” என்றேன்.

அந்தச் சனிக்கிழமைகளில் அவர் பேசினார். பதிவு நாளன்று அம்மாவுக்குச் சளி பிடித்திருந்ததாம். இவர் வெந்நீர்ப் புட்டியோடு தேவாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். நான் பிறந்த அன்று இவர் நடுக்கடலில் இருந்தாராம். கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்ததும் பயணிகள் கை தட்டினார்களாம். என் வாழ்க்கையில் எனக்காகக் கை தட்டினார்கள் என்பது எனக்கு இருபத்தெட்டு வயதில் தெரியவந்தது.

வேறு சிலவற்றையும் கவனித்தேன். கவனிப்பது என் தொழில். தொலைபேசியை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். இருட்டில் படி இறங்கும்போது சுவரைப் பிடித்தார். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவர் இடது கன்னத்தில் சவரக் கத்தி நீளமாகக் கிழித்திருந்தது. ரத்தம் காலருக்குள் இறங்கியிருந்தது. “எப்பப்பா வெட்டிச்சு?” என்று கேட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். வலிக்கவில்லையாம். நான் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இனித் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காது சோதனைத் தாளில் இரண்டு கோடுகள் வரும், காதுக்கு ஒன்று. எஞ்சின் சத்தம் இரண்டு காதையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேய்க்கும். அப்பாவின் வலது கோடு அவருடைய தொழிலைச் சொன்னது. இடது கோடு பாதி வழியில் செங்குத்தாக விழுந்திருந்தது. இடது காதில் இருபத்தைந்து சொற்கள் சொன்னேன். ஒன்பதுதான் அவருக்குப் புரிந்தன. ஒரு பக்கம் மட்டும் இப்படி விழுந்தால், கேட்கும் நரம்பில் கட்டி ஏதும் வளர்கிறதா என்று தலையை ஸ்கேன் எடுக்க அனுப்ப வேண்டும். முதல் வருடப் பாடம் அது. அந்த வருடம் மட்டும் பதினொரு பேரை நான் அனுப்பினேன். பத்துப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியைக்கு இருந்தது. சின்னது, எடுத்துவிட்டார்கள். எனக்கு நன்றி அட்டை அனுப்பியிருந்தார்.

அப்பாவை அனுப்பியிருந்தால், குறை காதில்தான் என்று அன்றே தெரிந்திருக்கும். ஊசி மாற்ற வேண்டாம், திரை மாட்ட வேண்டாம், என்னைக் கூப்பிடவும் வேண்டாம். பெற்ற அப்பாவைப் பார்க்கப் போக ஒரு மகளுக்குக் காரணம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீடுகளில் வேண்டாமாயிருக்கும். கோடை முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று. அந்த வகைக் கட்டிகள் பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். கணக்கு என் பக்கம் இருந்தது.

அடுத்த ஏப்ரலில் அவர் படகுத்துறையில் விழுந்தார். பெர்கன் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வருடம் முன்பு பட்டாணி அளவு இருந்திருக்கும் என்றார் அறுவை மருத்துவர். இப்போது அது மூளைத் தண்டை அழுத்திக்கொண்டிருந்தது. பதினோரு மணி நேரம் அறுத்தார்கள். கண் விழித்தபோது அப்பாவின் முகத்தின் இடது பாதி கீழே இறங்கியிருந்தது. பிறகு நுரையீரலில் தொற்று வந்தது.

மூன்றாவது வாரம் ஒரு பிற்பகலில் அவர் வலப்பக்கமாக என்னை உட்காரச் சொன்னார். பாதி வாயால் பேசினார், எனக்குப் பழகிவிட்டிருந்தது.

“நாற்காலிய நான் அப்பவே திருப்பிப் பாத்துட்டேன்டி.”

“எந்த நாற்காலி?”

“நீ என் காதைப் பாத்தல்ல, அந்த வாரமே. நாற்காலியத் திருப்பிப் போட்டு, பெட்டிக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன். உங்கம்மா வலது காதுல வந்து நின்னா பாரு, அப்படியே பக்கத்துல நின்ன மாதிரி. அவ்வளவுதான் சோதனை. முப்பத்தெட்டு வருஷம் எஞ்சின் பாத்தவன்டி நான். கோளாறு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிஷம் போதாதா?”

“அப்புறம் ஏம்ப்பா அந்தத் திரை, அலமாரி எல்லாம்?”

சிரித்தார். பாதி முகம் சிரித்தது.

“காது கெழடு தட்டிருச்சு, மனசு நோகும்னு புள்ள மறைக்குதுன்னு நெனச்சேன். உனக்கும் கம்மியாக் கேக்குதுன்னு சொன்ன பாரு, அங்கதான் மாட்டிக்கிட்ட. இவளுக்கும் வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும் போலன்னு தோணுச்சு. சரி, இருக்கட்டும்னு நானும் எதையாவது மாட்டிக்கிட்டே இருந்தேன்.”

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“இந்தக் கட்டி மட்டும் அன்னைக்கு உனக்குத் தெரியல, இல்ல?”

அறையில் வேறு யாரும் இல்லை. அவர் கை என் கையில் இருந்தது. அவர் கேட்டது உண்மையைத்தான்.

“தெரியலப்பா,” என்றேன்.

“அதானே. விடு. எனக்கும் ஒரு தடவை வால்வை மாத்தி மாட்டி, படகு நட்ட நடுவுல நின்னுபோச்சு. நூத்தம்பது பேரு மேல நிக்கிறான், கெட்ட வார்த்தைல திட்டுறான். தப்பு யாருக்குத்தான் வராது.”

வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து இறந்துபோனார்.

நீங்கள் அனுப்பிய வரைவறிக்கையில், பரிசோதகர் தாளைத் தவறாகப் படித்திருக்கிறார், அனுபவக் குறைவும் சொந்த அப்பா என்ற பதற்றமும் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரக்கத்தோடு எழுதியது தெரிகிறது. என் அப்பாவும் அப்படித்தான் நம்பிப் போனார். ஆனால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஆறு வருடத்தில் ஒரு தாளையும் நான் தவறாகப் படித்ததில்லை. இதையும் சரியாகத்தான் படித்தேன். அவர் எழுந்து மேல்கோட்டை மாட்டி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.