குலுக்கலில் போன வார்டு

— அப்படியே விட்டுடறதா, மலரு? இது வெளிநாட்டுக்காரன் கைவரிசை. எழுதி வச்சுக்க.

— முதல்ல சாப்பிடுங்க, ஆறிப்போகுது. உறையூர்ல கவுன்சிலருக்கு நின்ன உங்க பொண்டாட்டியத் தோக்கடிக்க, எந்த நாட்டுக்காரன் திருச்சி ஏர்போர்ட்ல வந்து இறங்கினான்?

— இறங்கவே வேண்டாம். அங்க உக்காந்துகிட்டே ஓட்டு மெஷினைத் திருப்பிடுவான். வாய்ஸ் மெசேஜ் வந்துச்சே, வெளிநாட்டு நம்பர்லேருந்து. எந்தப் பட்டனை அமுக்கினாலும் உன்னை எதிர்த்து நின்ன அமிர்தத்துக்குத்தான் விழும்னு ஓட்டுப் போடற அன்னிக்குக் காலையிலயே சொல்லிட்டான்.

— அந்த மெஷின்ல சிம் கார்டும் கிடையாது, நெட்டும் கிடையாதுங்க. நம்ம பூத் ஏஜென்ட் கிளமென்ட் அண்ணன் எதிர்லதான் முதல்ல சும்மா போட்டுப் பாத்தாங்க. சீல்ல அவரும் கையெழுத்துப் போட்டாரு. இன்னிக்கு எண்ணும்போது அந்த சீல் அப்படியே இருந்துச்சு.

— கிளமென்ட் வெள்ளந்தி. அவருக்கு என்ன தெரியும்?

— எல்லாம் அமிர்தத்துக்கே விழுந்திருந்தா எங்க ரெண்டு பேருக்கும் எப்படிங்க சமமா வரும்? சமமா வந்ததாலதான டப்பாவுல சீட்டுப் போட்டுக் குலுக்கினாங்க. அவங்க பேரு வந்துச்சு. சீட்டை எடுத்தது நம்மூரு ஆபீசர்.

— சந்தேகம் வரக்கூடாதுன்னே சமமா நிறுத்தியிருக்கான். பாலக்கரை வக்கீலப் பாத்து நாளைக்கே கேஸ் போடறோம். எழுதி வச்சுக்க.

— ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு தெருவே சிரிக்கும்.

— சிரிக்கட்டும். உனக்கு வலிக்கலையா?

— வலிக்காம என்ன? மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி அடுப்படி வரைக்கும் வருது. அதுக்கு ஒரு வழி பண்ணலாம்னுதான வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கினேன். இன்னும் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தா குலுக்கலே இல்ல. நினைச்சா வயிறு எரியுதுங்க.

— அதான் நானும் சொல்றேன்.

— சரி, அந்த இடது கையக் குடுங்க. ஓட்டுப் போட்ட அன்னிக்குக் கட்டின கட்டு, ஈரமாயிடுச்சு. பிரிச்சு மருந்து வைக்கிறேன்.

— ஆறிட்டு வருது, விடு.

— குடுங்கன்னா. சின்னப் பிள்ளை மாதிரி என்ன இது?

— மலரு, வேண்டாம்.

— என்னங்க இது? விரல்ல காயத்தையும் காணோம், மையையும் காணோம்.

— பூத் வாசல் வரைக்கும் போனேன் மலரு. அந்த மெசேஜ்ல அவ்வளவு உறுதியாச் சொன்னான். நம்ம கையாலயே அமிர்தத்துக்குப் போடணுமான்னு திரும்பி வந்துட்டேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல.

— சாப்பாட்டை அளையாதீங்க, சாப்பிடுங்க. நாளைக்கு வக்கீலப் பாக்கலாம். வெளிநாட்டுக்காரன் என் ஓட்டைத் திருடிட்டான்னு நீங்க சொன்னது வாஸ்தவந்தான். எங்கேருந்து திருடினான்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்க.