வெயிலில் ஒரு சோதனை

கார் டிக்கியில் வைத்த பொருள் ஆடினால் எனக்குப் பொறுக்காது. கோவில்பட்டியில் மற்ற எலக்ட்ரீஷியன்கள் கூடுதல் பேட்டரியை நைலான் கயிற்றால் கட்டி அனுப்பிவிடுவார்கள். நான் ஒருநாளும் கயிற்றைத் தொட்டதில்லை. டிக்கியை அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, த்ரீடி பிரிண்டரில் அந்தப் பேட்டரிக்கென்றே ஹோல்டர் அடித்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்குவேன். ஒவ்வொரு ஹோல்டரின் அடியிலும் கார் நம்பரும் தேதியும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். மந்திரமூர்த்தி வேலை என்றால் அப்படித்தான்.

சௌந்தரபாண்டியனின் விளம்பரக் காருக்கும் அப்படியே செய்து கொடுத்தேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, துக்கச் செய்தி என்று விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் மைக்கில் சொல்லிப் போகிற கார் அது. இன்ஜினை அணைத்த பிறகும் மைக் ஓட, டிக்கியில் இரண்டு பேட்டரி. ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் அதில் ஒன்று சாய்ந்தது. பேட்டரி முனை தகரத்தில் உரசி, பின்சீட் பற்றிக்கொண்டது. அங்கே உட்கார்ந்து அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்த ரேணுகாதேவிக்கு முதுகு முழுவதும் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிப் போனேன். குப்புறப் படுத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

குறை சொன்னது சௌந்தரபாண்டியன். டீக்கடையில், பத்துப் பேர் முன்னால்.

“அண்ணாச்சி, நம்ம ஊரு கடலைமிட்டாய்கூட வெயில்ல கொஞ்ச நேரம் நிக்கும் வே. ஒம்ம ஹோல்டரு நிக்க மாட்டேங்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹோல்டர் சூட்டில் இளகித்தான் பேட்டரி சாய்ந்தது என்று அவர் போகிற ஊரெல்லாம் சொன்னார். காரைக் குழியில் இறக்கியிருப்பார் என்பது என் முடிவு. அந்த வாரமே மூன்று பேர் ஹோல்டரைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டச் சொல்லி வந்தார்கள். திருப்பி அனுப்பினேன்.

சௌந்தரபாண்டியனைக் கோபத்தில் அடித்துவிட்டதாக உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறார். அதை மாற்றச் சொல்லுங்கள், சார். அவருக்காக நான் அச்சடித்த ஐந்து வளையங்களின் அடியிலும் மே ஒன்பது என்று இருக்கும். சம்பவம் பதின்மூன்றாம் தேதி. கோபக்காரன் நாலு நாள் முன்பே அளவெடுப்பானா? கை கழுவும்போது சௌந்தரபாண்டியன் என் மேசையில் கழற்றி வைத்த கைக்கடிகாரத்திலிருந்து மணிக்கட்டின் அளவு கிடைத்தது. கணுக்காலைக் கண்ணால் கணித்தேன். கழுத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டேன். மூச்சு முட்டக் கூடாது. பிளாஸ்டிக் மட்டும் பழையதேதான். அதை மாற்றினால் சோதனைக்கு அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, புது ஹோல்டர் சும்மா மாட்டித் தருவதாகச் சொல்லி வரவழைத்தேன். காரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் பேட்டரிகளை எடுத்துவிட்டு வளையங்களை முடுக்கிவிட்டேன். டிக்கிக்குள் குனிந்து பார்த்தார்.

“இது என்ன அண்ணாச்சி, வளையம் வளையமா இருக்கு?”

வீல் ஸ்பேனரால் பின்மண்டையில் ஒரே அடி. காது வழியாகவும் ரத்தம் வந்தது, துடைத்தேன். உள்ளே கிடத்திப் பொருத்தியபோது நான்கு வளையம் சரியாக உட்கார்ந்தது. இடது கணுக்காலுக்கு மட்டும் அளவு குறைவு. ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டியதும் எலும்பு விட்டுக்கொடுத்தது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு இந்தப்புறம், பருத்தி எடுத்து முடித்த கரிசல் காட்டில் காரை நிறுத்தினேன். பதினொரு மணி. அவர் கண் விழித்திருந்தார். பொறுமையாக விளக்கிச் சொன்னேன். இளகும் என்பது அவர் கட்சி. இளகினால் கையை உருவிக்கொண்டு மூடியை மூன்று தடவை தட்டட்டும், உடனே திறந்துவிடுவேன். இளகாவிட்டால் நான் சொன்னது சரி. இதைவிட நியாயமாக யாரும் நடந்திருக்க முடியாது.

“அண்ணாச்சி, ஒம்ம ஹோல்டரு நல்ல ஹோல்டருன்னு ஊரு ஊரா மைக்ல சொல்லுதேன். அவுத்து விடும்.”

கட்டாயத்தில் வருகிற சொல் சாட்சியாகாது. மூடிவிட்டு, வேலிக்கருவை நிழலில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் கத்தினார். பிறகு ரேணுகாதேவியின் பெயரைச் சொல்லி ஏதோ சொன்னார். ஒரு மணிக்கு மேல் பேச்சு இல்லை. இரண்டு மணிவாக்கில் மூடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் எண்ணிப் பார்த்தேன். முப்பது, நாற்பது தடவை இருக்கும். மூன்று என்றுதான் பேச்சு. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

நாலு மணிக்குத் திறந்தேன். தோல் கொப்பளித்திருந்தது. மூடியின் உட்புறம் ரத்தமும் இரண்டு நகமும் ஒட்டியிருந்தன. உயிர் இல்லை. நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு ஓட்டி வந்தேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஹோல்டர் தாங்கியது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

வலது கையில் மட்டும் எதற்கு நைலான் கயிறு என்று கேட்டீர்கள். அந்த வளையம் கொஞ்சம் வாய் திறந்திருந்தது. அவர் இழுத்த இழுப்பு அப்படி. இங்கே வருகிற வழியெல்லாம் குழி. கை ஆடி ஆடித் தகரத்தில் இடித்துக்கொண்டே வந்தது. பாதி வழியில் காரை நிறுத்திக் கட்டினேன்.