ஷஹர்பானு அம்மையாரும் சங்கு நண்டும்

மல்லைக் கடலின் அலையோசையையும் மீறி மனம் திறந்து கேட்க வந்திருக்கும் மாண்புமிகு அவையே! விழாத் தலைமையேற்று, ஒலிபெருக்கி ஒரு மணி நேரம் சதி செய்தபோதும் சிரித்த முகம் மாறாத ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராஜகோபாலன் ஐயா அவர்களே! சங்கும் சிப்பியும் சிலையும் விற்றுச் சோறு தின்னும் என் தெருவின் வணிகப் பெருமக்களே! நெம்மேலியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருக்கும் மீனவத் தோழர்களே! வெயில் தாழ்வதற்கு முன்பே வந்து முன்வரிசையைக் கைப்பற்றிய வீரத் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் இந்தக் காசிநாதன் கைகூப்பி வணங்குகிறேன்.

ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைவர் இப்போதே மணியைப் பார்க்கிறார். ஐயா, அந்த மணியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இன்று நான் பேசுவது பாராட்டு மட்டுமல்ல, வாக்குமூலம். வாக்குமூலத்துக்கு மணி அடிக்கலாமா?

யாரைப் பாராட்ட வந்திருக்கிறோம்? பட்டம் பெற்றவரையா? பதவி வகித்தவரையா? எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சௌகத் அலி பாயின் சங்குக் கடைக்கு மருமகளாக வந்து, கல்லாவில் அமர்ந்த காலம் போக மிச்ச காலத்தில் சங்கு நண்டு வளர்த்த ஷஹர்பானு அம்மையாரை! அவர் கடைக்கு எதிர்க்கடை என்னுடையது. இருபது வருடப் போட்டி. போட்டிக்காரன் வாயால் புகழ் வருகிறது என்றால், அந்தப் புகழுக்கு எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்!

சங்கு நண்டை இங்கே தெரியாதவர் யார்? காலிச் சங்கைக் கண்டால் உள்ளே புகுந்துகொண்டு, அதை முதுகில் சுமந்தபடி மணலில் நடக்குமே, அதுதான். தொண்ணூற்றாறில் அதை விற்கலாம் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். சாதாரணச் சங்கோடு விற்றால் யார் வாங்குவார்? சிவப்பும் நீலமும் பூசிய சங்கு வேண்டும். அதற்கு நான் என்ன செய்தேன்? அது குடியிருந்த சங்கை உடைத்தேன். உடம்பு வெறுமையாகி நடுங்குகிற நண்டின் முன்னால் வண்ணச் சங்கை வைத்தேன். வேறு வழியில்லாமல் அது உள்ளே நுழைந்தது. கம்பிக் கூண்டில் போட்டு விற்றேன். வாங்கியவர் வீட்டில் பத்து நாளில் செத்தது. ஆம் தாய்மார்களே, முகத்தைச் சுளியுங்கள். சுளிக்கத்தான் வேண்டும்.

அந்த நாளில் அம்மையார் தம் கடைக்குப் பின்னால் ஓர் அலுமினிய அண்டாவில் ஈர மணல் நிரப்பி நண்டு வளர்த்தார். ஒரு கிண்ணத்தில் கடல் நீர், ஒரு கிண்ணத்தில் கிணற்று நீர், மாற்றிக்கொள்ள ஏழெட்டு வெறும் சங்குகள், தின்னத் தேங்காய்ச் சில். நான் தெருவே கேட்கக் கேலி செய்தேன்: "இன்னா பாய், உங்க வூட்ல நண்டுக்கு நாஸ்தா ஆச்சா?" அம்மையார் கிண்ணத்து நீரை மாற்றிக்கொண்டே இருப்பார்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சாலமோன் என்ற மனிதர் என் கடை முன் வந்து நின்றார். கையில் கூண்டு. அதற்குள் அசையாத நண்டு.

"இன்னா மொதலாளி, மூணு நண்டு வாங்கினேன், மூணும் பூட்ச்சு. ஏமாத்திகினு கீறியா?"

"வேற ஒண்ணு எடுத்துக்கோப்பா," என்றேன்.

"வேற எதுக்கு? ஷிப்ட் முடிஞ்சி கம்பெனி பஸ்ல எறங்கி ரூமுக்குப் போனா, பேச ஒரு ஆளு கெடயாது. கதவத் தொறந்தா இது மெல்ல நவுந்து வரும். அத்தப் பாத்துத்தான் நான் சாப்புடவே ஒக்காருவேன். உனுக்கு அது வெளாட்டுச் சாமான், எனுக்கு அப்படியா?"

எதிர்க்கடையிலிருந்து அம்மையார் இறங்கி வந்தார். நண்டைக் கையில் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

"அண்ணே, இது சாவல," என்றார். "செத்த நண்டு நாறும். இது நாறல. தோலு உரிக்கப் போவுது. ஈர மணல்ல பொதைக்கணும், தொடவே கூடாது."

"பொணத்தப் பொதைக்கத்தாம்மா சொல்றே நீயி!" என்றேன் நான். கூட்டம் கைதட்டியது. கைதட்டல் கொடுத்த மயக்கத்தில் இன்னொன்றும் சொல்லித் தொலைத்தேன்: "இது மட்டும் உசுரோட வரட்டும், நான் நண்டு விக்கறதயே வுட்டுடறேன்!"

அவர் சிரிக்கவில்லை. "அஞ்சு வருசம் முன்ன என் நண்டு ஒண்ணு இப்டித்தான் கெடந்துச்சு," என்று சாலமோனிடம் சொன்னார். "குப்பையில போட மனசு வரல. ரோஜாத் தொட்டியில பொதச்சேன். ஒரு மாசம் கழிச்சி துணி காயப் போடப் போறேன், தொட்டி விளிம்புல ஒக்காந்துகினு கீது."

அன்றிலிருந்து என்ன நடந்தது? அண்டாவில் ஒரு மூலையைத் தகடு வைத்துத் தடுத்தார். நண்டை மணலுக்குள் இறக்கினார். தினமும் கடல் நீர் தெளித்து, ஈரச் சாக்கு போட்டு மூடினார். பத்து நாள் போயிற்று, இருபது நாள் போயிற்று. சாலமோன் ஞாயிறுதோறும் வந்து அண்டாவின் அருகே அமர்ந்தார், போனார். முப்பத்தாறாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, ஒரே ஒரு தபா தோண்டிப் பாத்துடறேன்."

"தோண்டினா நெசமாவே செத்துரும்ணே. புதுத் தோலு வெண்ண மாதிரி இருக்கும். கை பட்டா கிழிஞ்சிரும். இத்தினி நாள் இருந்தீங்க, இன்னும் கொஞ்சம் இருங்க."

இங்கேதான் என் வாக்குமூலம். முதல் வாரம் அந்த நண்டு சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மாதம் கழிந்தபோது என்னை அறியாமல் காலையில் கடை திறந்ததும் என் கண் எதிர்க்கடைக்குப் போயிற்று. வந்துவிட்டதா? வந்துவிட்டதா? எனக்கு எதற்கு இந்தத் தவிப்பு? நான் தோற்றுப் போவேனே! தோற்றாலும் பரவாயில்லை, வரட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

ஐம்பத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. அம்மையார் தெருவைக் கடந்து என் கடைப் படியில் நின்றார். "காசி அண்ணே, ஒரு நிமிசம் வாங்க." அவ்வளவுதான் சொன்னார். போனேன். சாக்கு விலகியிருந்தது. மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த நண்டு, கிண்ணத்து நீரைக் கொடுக்கால் அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தது. கால்களில் புதுத் தோல், பழுத்த ஈச்சம்பழ நிறம், அப்படியொரு பளபளப்பு!

ஜெயித்தவர் ஒரு சொல் குத்திக் காட்டினாரா? இல்லை. "சாலமோன் அண்ணனுக்குச் சொல்லணுமே," என்றுதான் கவலைப்பட்டார். பூத்துக்கு ஓடிப் போய்த் தொழிற்சாலைக்குத் தொலைபேசினோம். ஷிப்டில் இருப்பவரைக் கூப்பிட முடியாது என்றார்கள். "நான் போறேம்மா," என்றேன். கடையைச் சாத்தினேன். செங்கல்பட்டில் பேருந்து மாறி, மறைமலைநகரில் அந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். நீலச் சட்டைக் கூட்டம் வெளியே வந்தது.

"மொதலாளி, நீயா? இங்க இன்னா பண்றே?"

"உன் நண்டு வந்துட்ச்சுப்பா," என்றேன்.

அந்த மனிதர் கம்பெனி பஸ்ஸின் படியிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை.

சொன்ன சொல்லைக் காசிநாதன் காப்பாற்றினானா? பின்னாலிருந்து யாரோ "காப்பாத்தினே, காப்பாத்தினே" என்கிறார். நன்றி தம்பி! என் கூண்டுகளில் இருந்தவை அறுபத்துமூன்று நண்டுகள். மறுநாள் காலையில் கடற்கரைக்குக் கொண்டுபோகக் கிளம்பினேன். அம்மையார் தடுத்தார். "பெயிண்டோட வுட்டா எப்டிண்ணே? அதுங்களுக்கு வேற சங்கு வேணாமா?" என்றவர், தம் கணவர் பக்கம் திரும்பினார். "இன்னாங்க, அந்தச் சங்கு மூட்டைய எடுங்க."

"அடியே, அது பாலீஷ் போட்டு விக்க வச்சிகினு கீற சரக்கு!" என்றார் சௌகத் பாய்.

"அதுங்க சங்கு வாயில வெரல் வச்சிப் பாக்கும், அளவு சரியாருந்தா உள்ள போயிக்கும். நம்ம கஸ்டமரும் அப்டித்தானே?"

பாய் மூட்டையைத் தோளில் தூக்கினார். எழுந்து நில்லுங்கள் பாய், ஊர் உங்களைப் பார்க்கட்டும்! மணலில் சங்குகளைப் பரப்பினோம். ஒவ்வொரு நண்டும் கொடுக்கால் தடவிப் பார்த்து, உருட்டிப் பார்த்து, சட்டென்று ஒரு தாவலில் புதுச் சங்குக்குள் போன அழகை என்னவென்று சொல்வேன்! மூன்று நண்டுகள் மட்டும் கடைசிவரை வண்ணச் சங்கை விடமாட்டேன் என்றன. பிடிவாதக்காரர்கள், நம் வணிகர் சங்கத்திலும் மூன்று பேர் உண்டு!

மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று நம் தெருவில் வண்ண நண்டு விற்கும் கடை ஒன்றாவது உண்டா? இல்லை! சட்டம் போட்டா நிறுத்தினோம்? காவலரைக் கூப்பிட்டா நிறுத்தினோம்? ஒரு பெண் பொறுமையாகப் பார்த்தாள், பார்த்ததை நம்பினாள், நம்பியதை ஊரே சிரித்தபோதும் மாற்றிச் சொல்லவில்லை. அதனால் நின்றது! எங்கோ யாரோ வளர்த்து வாடிய நண்டை இன்று எங்கே கொண்டு வருகிறார்கள்? சென்னையிலிருந்து வருகிறார்கள், செங்கல்பட்டிலிருந்து வருகிறார்கள், நம் தெருவைத் தேடி வருகிறார்கள்! கல்லூரி ஆய்வாளர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து இரண்டு நாள் அந்த அண்டாவின் முன்னால் அமர்ந்து எழுதிக்கொண்டு போனார். என் நெஞ்சு நிமிர்கிறது! எதிர்க்கடைக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குப் பெருமையாக இருக்கிறது!

அம்மையார் மேடைக்கு வரமாட்டேன் என்று தலையசைக்கிறார். மூன்றாவது வரிசையில், அதோ, பச்சை முக்காட்டில். வற்புறுத்தாதீர்கள், விடுங்கள். தலைவர் ஐயா, அந்தச் சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் இறங்கிப் போவோம். வழி விடுங்கள் தோழர்களே! பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி, மணியடிக்காத தலைவருக்கு நன்றி. மல்லை மக்களே, வணக்கம்!